பூச்சிக்கு ஷேட் மேட்ச் செய்து கொடுப்பது யார்?

சாயத்தொட்டி:

போன மாதம் குடும்பத்தோடு வால்பாறைப் பக்கம் போயிருந்தோம். பாதையோரம் கிடந்த ஒரு காய்ந்த இலையை என் மகள் குனிந்து எடுக்கப் போனாள், இலை எழுந்து பறந்துவிட்டது. பறக்கும்போது உள்ளே நீலம். போய் ஒரு கிளையில் உட்கார்ந்து இறக்கையை மூடியதும் மறுபடி இலை. நடுநரம்பு இருக்கிறது, காம்பு இருக்கிறது, பூஞ்சை பிடித்த மாதிரி கறுப்புப் புள்ளிகூட இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு "அப்பா, இலை எப்படி இருக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். நான் பெரிய மனுஷன் மாதிரி "அதெல்லாம் பரிணாமம்" என்றேன். "அப்படின்னா?" என்றாள். அதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை, வா டீ குடிக்கலாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

ஊருக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம் என் தொழில். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேபில் இருபது வருடமாக இருக்கிறேன். பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி இதே ஷேட் வேண்டும் என்பார். நாங்கள் லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சாயம் ஏற்றிய மாதிரி, போட்டு அனுப்புவோம், கொஞ்சம் சிவப்படிக்கிறது என்று திருப்பி விடுவார், மறுபடி ரெசிபியை மாற்றி, மறுபடி டிப், மறுபடி "டல்லா இருக்கு". ஒரு பாழாய்ப்போன நேவி ப்ளூவுக்கே ஏழு எட்டு தடவை. இத்தனைக்கும் சாம்பிள் என் கையில் இருக்கிறது, கண் இருக்கிறது, மெஷின் இருக்கிறது. அந்தப் பூச்சிக்கு இதில் எதுவுமே இல்லையே? இலையைப் பார்த்துத் தன் இறக்கையைத் திருத்திக்கொள்ள அதால் முடியாது, தன் இறக்கையின் வெளிப்பக்கத்தை அது பார்த்திருக்குமா என்பதே சந்தேகம். அப்படியென்றால் மேட்ச் செய்தது யார்? இன்னொன்று, முழு இலை மாதிரி இருந்தால் குருவி ஏமாறும், சரி. பாதி இலை மாதிரி இருந்த காலத்தில் அதனால் என்ன பிரயோசனம்? லட்சக்கணக்கான வருடம் ஆகும் என்கிறார்கள், அப்படியானால் இதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறார்களா, இல்லை எல்லாம் ஊகம்தானா? மகளுக்குச் சொல்லும்படி யாராவது விளக்குங்க.

கரிமரம்:

அண்ணே, பதில் உங்கள் கேள்வியிலேயே பாதி இருக்கிறது. உங்கள் பட்டறையில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள்: ரெசிபியை மாற்றுகிற நீங்கள், திருப்பி அனுப்புகிற பையர். இதில் உங்களைத் தூக்கிவிடுங்கள். ரெசிபி யாருடைய யோசனையும் இல்லாமல் குருட்டாம்போக்கில் கொஞ்சம் கொஞ்சம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பையர் மட்டும் அப்படியே கறாராக உட்கார்ந்திருக்கிறார். இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். சாயம் போடுகிறவர் கிடையாது, ரிஜெக்ட் செய்கிறவர் மட்டும் உண்டு, அவர் பெயர் குருவி. இன்னும் சரியாகச் சொன்னால் அவர் ரிஜெக்ட் செய்வதில்லை, கண்ணில் பட்டதைத் தின்கிறார். கண்ணில் படாதது முட்டை போடுகிறது. அந்த முட்டையிலிருந்து வருகிறவை பெரும்பாலும் தாய் மாதிரி, ஆனால் அச்சு அசலாகத் தாய் மாதிரி இல்லை. இது மூன்றும் இருந்தால் போதும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கண்ணால் பார்த்தார்களா என்றால், பார்த்தார்கள். இங்கிலாந்தில் ஓர் அந்துப்பூச்சி இருக்கிறது, வெள்ளை இறக்கையில் மிளகுத்தூள் தூவினது மாதிரி இருக்கும், பெயரே மிளகு அந்து என்பது போலத்தான். பகலில் மரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பட்டையில் லைக்கன் சாம்பல் வெள்ளையாகத் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்குமே, அதன்மேல் இருந்தால் தேடினாலும் கிடைக்காது. 1848இல் மான்செஸ்டரில் இதே இனத்தில் முழுக்கக் கறுப்பாக ஒன்று பிடிபட்டது. அப்போது அது ஓர் அதிசயம், பூச்சி சேகரிப்பவர்கள் தேடி அலைகிற சரக்கு. 1895இல் அதே மான்செஸ்டரில் 98 சதவீதம் கறுப்பு. நடுவில் நடந்தது என்னவென்றால் நிலக்கரிப் புகை. ஆலைப் புகையில் லைக்கன் செத்தது, மரம் கரி பூசிக்கொண்டது, நேற்று வரை ஓகே ஆன ஷேட் இன்று ரிஜெக்ட். இந்தப் பூச்சிக்கு வருடத்துக்கு ஒரே தலைமுறைதான், ஆக மொத்தம் ஐம்பது தலைமுறைக்குள் கதை முடிந்துவிட்டது. எல்லா மாற்றத்துக்கும் லட்சம் வருடம் தேவை என்றில்லை.

1924இல் ஹால்டேன் என்ற உயிரியலாளர் கணக்குப் போட்டு, இவ்வளவு வேகமாக மாற வேண்டுமானால் கறுப்புக்கு வெள்ளையைவிட ஒன்றரை மடங்கு சாதகம் இருந்திருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் பலருக்கு இது நம்பமுடியாத எண்ணாக இருந்தது. அப்புறம் கெட்டில்வெல் என்பவர் 1953இல் பர்மிங்காம் அருகே கரி படிந்த காட்டில் இரண்டு வகையையும் அடையாளம் போட்டு விட்டுப் பார்த்தார். விளக்கு வைத்துத் திரும்பப் பிடித்தபோது கறுப்பில் 27.5 சதவீதம் கிடைத்தது, வெள்ளையில் 13 மட்டும். 1955இல் டார்செட்டில், புகை எட்டாத காட்டில், அப்படியே தலைகீழ்: வெள்ளை 12.5, கறுப்பு 6.3.

சந்தேகப்பிராணி:

இந்த அந்துப்பூச்சிக் கதை மோசடி என்று நிரூபணமாகிவிட்டதே சார், இன்னுமா இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்? பாடப்புத்தகத்தில் வரும் அந்தப் படமே செத்த பூச்சியை மரத்தில் ஒட்டி எடுத்தது. தவிர அந்தப் பூச்சி மரத்தண்டில் உட்காரவே உட்காராதாம். இதை வைத்துக்கொண்டு குழந்தைக்கு என்ன சொல்லித்தரப் போகிறார்?

கரிமரம்:

கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் பாதிதான் உண்மை. படம் செட்டப் என்பது சரி. இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே பட்டையில் தெரிய வேண்டும் என்று செத்த பூச்சியை வைத்து எடுத்த படங்கள் உண்டு. படம் விளக்கத்துக்கு, ஆதாரம் எண்ணிக்கையில். கல்யாண ஆல்பத்தில் போஸ் கொடுக்க வைத்தார்கள் என்பதால் கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்லமுடியுமா?

கெட்டில்வெல்லின் சோதனையில் நிஜமான குறைகளும் இருந்தன. நிறையப் பூச்சிகளைக் கிட்டக் கிட்ட விட்டார், பகலில் விட்டார், அவை தாமாக எந்த இடத்தில் தங்கும் என்று காத்திருக்கவில்லை. இந்தக் குறைகளைக் கண்டுபிடித்து எழுதியதும் உயிரியலாளர்கள்தான், அதில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ். விமர்சித்ததோடு மனிதர் நிற்கவில்லை, 2007 வரை ஆறு வருடம் தன் வீட்டுத் தோட்டத்திலேயே சோதனையைத் திரும்பச் செய்தார். 4,864 பூச்சிகள். இரவில் விட்டு, அவை தாமாகத் தங்கும் இடத்தில் தங்கவிட்டு, விடிந்ததும் எது இருக்கிறது எது காணோம் என்று பார்த்தார். குருவிகள் கொத்தித் தின்றதைக் கண்ணாலும் பார்த்தார். அப்போது அங்கே காற்று சுத்தம், மரம் வெளிர். கறுப்புப் பூச்சி ஒரு நாளில் பிழைக்கும் வாய்ப்பு வெள்ளையைவிடச் சுமார் 9 சதவீதம் குறைவு என்று வந்தது. மரம் ஏறித் தேடியதில் இயற்கையாகத் தங்கியிருந்த பூச்சிகளில் பாதி கிளைகளில், மூன்றில் ஒன்றுக்கு மேல் மரத்தண்டிலேயே. உட்காரவே உட்காராது என்பதும் அதோடு போயிற்று. மஜெரஸ் 2009இல் இறந்துவிட்டார். 2012இல் அவருடைய எண்களை வைத்து மற்ற நால்வர் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்தது இதன் பின்பாதி. 1952இல் லண்டன் புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள் செத்தார்கள், 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, புகை குறைந்தது. லிவர்பூல் அருகே சிரில் கிளார்க் 1959இலிருந்து வருடம் தவறாமல் எண்ணிக்கொண்டிருந்தார். தொடங்கும்போது 90 சதவீதத்துக்கு மேல் கறுப்பு, 1990களின் நடுவில் 20க்கும் கீழே. பையர் பழைய ஷேடுக்கே திரும்பிவிட்டார்.

2016இல் ரெசிபியில் எந்த வரி மாறியது என்பதும் கிடைத்துவிட்டது. கார்ட்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் கிட்டத்தட்ட 22,000 எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் டி.என்.ஏ. துண்டு போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. அது 1819 வாக்கில் நடந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கரி வருகிறது, கறுப்பாவோம் என்று எந்தப் பூச்சியும் முடிவெடுக்கவில்லை. ஒரு பிழை நடந்தது, அந்தச் சமயத்தில் அந்த ஊரில் மரம் கறுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

சந்தேகப்பிராணி:

மஜெரஸ் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனாலும் இது ஏற்கெனவே இருந்த கறுப்பு கூடிக் குறைந்த கதைதானே? இலை நரம்பு வரைகிற கதை இல்லையே.

சாயத்தொட்டி:

நானும் அதையேதான் கேட்க வந்தேன். கறுப்பு வெள்ளை புரிந்துவிட்டது, மகளிடமும் சொல்லிவிட்டேன், "அப்ப குருவிதான் டீச்சரா?" என்றாள். ஆனால் வெள்ளையைக் கறுப்பாக்குவது எங்கள் தொழிலில் சுலபமான வேலை, கறுப்புத் தொட்டியில் முக்கினால் முடிந்தது. பிரிண்டிங்தான் கஷ்டம். அந்த நடுநரம்பு இரண்டு இறக்கையையும் சேர்த்து ஒரே கோடாகப் போகிறதுங்க! மேல் இறக்கையின் கோடு முடிகிற இடத்தில் கீழ் இறக்கையின் கோடு ஆரம்பிக்கிறது. தையலில் இரண்டு துண்டுத் துணியின் செக் கோடு சேர வைப்பதற்குள் டெய்லர் படும் பாடு எனக்குத் தெரியும். பாதிக் கோடு இருந்தால் குருவி ஏமாறுமா?

ஆள்காட்டி:

சாயத்தொட்டி சார், இந்தக் கேள்வியைக் கேட்டதில் நீங்கள் 150 வருடம் பிந்திவிட்டீர்கள். மைவார்ட் என்பவர் 1871இல் டார்வினைக் கேட்டது இதேதான், பாதி இலை எதற்கு உதவும் என்று. அடுத்த வருடம் வந்த தன் நூலின் புதிய பதிப்பில் டார்வின் சொன்ன பதிலின் சாரம் இது: பூச்சி தொடக்கத்திலேயே தற்செயலாகக் கொஞ்சம் சருகு மாதிரியோ குச்சி மாதிரியோ இருந்திருக்கும், அதிலிருந்து எந்தப் பக்கம் மாறினால் இன்னும் கொஞ்சம் தப்புமோ அந்த மாற்றம் நின்றுவிடும்.

நான் பறவை பார்க்கிறவள், பூச்சி எனக்குப் பக்கத்து வீடு மாதிரி. பாதி இலை எதற்கு என்று கேட்கிறவர்கள் குருவியை மேஜைமேல் லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஆளாக நினைத்துக்கொள்கிறார்கள். குருவிக்கு அவ்வளவு நேரம் கிடையாது. அது பறந்துகொண்டே பார்க்கிறது, நிழலில் பார்க்கிறது, இருபது அடி தள்ளியிருந்து பார்க்கிறது, சாயங்காலம் வெளிச்சம் போகும்போது பார்க்கிறது, ஓரக்கண்ணால் பார்க்கிறது, அதற்குள் அதைப் பிடிக்க ஒரு வல்லூறு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். வெறும் பழுப்பு நிறம் இருந்தாலே இருபது அடியில் ஏமாறும் குருவி உண்டு. கோணலாக ஒரு கோடும் இருந்தால் பதினைந்து அடியில் ஏமாறும். கோடு சேர்ந்துவிட்டால் பத்து. அடிக்கணக்கு என் கற்பனை, ஆனால் விஷயம் இதுதான்: எந்தத் தூரத்தில், எந்த வெளிச்சத்தில் ஏமாற்ற முடிகிறது என்பது ஒவ்வொரு அடியாக முன்னேறுகிறது. பாதி இலைக்குப் பாதி லாபம் கண்டிப்பாக உண்டு. ஆள்காட்டிக் குருவியின் முட்டையை யாராவது தரையில் தேடியிருக்கிறீர்களா? புள்ளி போட்ட மண்கட்டி மாதிரி இருக்கும். உற்றுப் பார்த்தால் முட்டை என்று தெரிந்துவிடும், ஆனால் உற்றுப் பார்க்கவேண்டும் என்று தோன்றுவதற்குள் தாண்டிப் போய்விடுவோம், சமயத்தில் மிதித்தும்விடுவோம்.

நீங்கள் வால்பாறையில் பார்த்த அந்தப் பட்டாம்பூச்சியின் குடும்பத்தையே 2014இல் ஜப்பான் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் சொந்தக்கார இனங்களை வரிசைப்படுத்தி, இறக்கையில் உள்ள ஒவ்வொரு கோடும் எந்தப் பழைய கோட்டிலிருந்து வந்தது என்று தடம் பிடித்தார்கள். இந்தப் பெரிய குடும்பத்துப் பட்டாம்பூச்சிகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு அடிப்படைக் கோலம் உண்டு, இறக்கையின் குறுக்கே போகும் பட்டைகள், ஓரமாகக் கண்புள்ளிகள். இலைநரம்பு புதிதாக வரைந்ததல்ல, அந்தப் பழைய பட்டைகள் ஒவ்வொன்றாக வளைந்து, நகர்ந்து, நேராகி நரம்பாயின. ஒரே நாளில் அல்ல, இடைநிலைகள் வழியாக. அந்த இடைநிலை மாதிரி இருக்கும் சொந்தக்காரர்கள் இன்றும் பறந்துகொண்டிருக்கிறார்கள், பாதி இலையாகவே நன்றாகப் பிழைக்கிறார்கள். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புரியும், புள்ளி அதேதான், இழையை இழுத்துவிடுகிற விதத்தில் தாமரையும் வரும் தேரும் வரும்.

அப்புறம் உங்கள் லேப் உதாரணத்தில் ஒரு திருத்தம் சொல்லட்டுமா? உங்களிடம் ஒரு டிப் ரிஜெக்ட் ஆனால் வேறு ரெசிபியை முதலிலிருந்து யோசிக்கலாம். இங்கே அந்த வசதி கிடையாது, போன தலைமுறையில் தப்பியதன் மேல்தான் அடுத்த மாற்றம் ஏறும். அதனால்தான் நரம்பு சேர்வது மாதிரியான நம்பமுடியாத விஷயமும் கைகூடுகிறது, அதனால்தான் சில விஷயங்கள் எத்தனை கோடி வருடமானாலும் வராமலே போகின்றன.

சாயத்தொட்டி:

அம்மா, அந்தக் கோல விஷயம் அபாரம். மகளுக்கு இன்று ராத்திரி அதுதான். தொழில்முறையில் இன்னொரு சந்தேகம், எங்களுக்கு மெட்டாமெரிசம் என்று ஒரு தலைவலி உண்டு. கடை ட்யூப்லைட்டில் மேட்சாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரியும். பையர் எந்த விளக்கில் பார்ப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். குருவியின் கண்ணும் நம் கண்ணும் ஒன்றா?

ஆள்காட்டி:

ஒன்றல்ல, இதைக் கேட்கவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே பெரிய விஷயம். நமக்கு நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்புச் செல்கள், பறவைகளுக்கு நான்கு, பல பறவைகளுக்குப் புற ஊதாவும் தெரியும். ஆகவே நமக்கு மேட்ச் என்று தோன்றுவது பையருக்கு மேட்சாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. மேலே சொன்ன மிளகு அந்து விஷயத்திலேயே, 2000இல் மஜெரஸும் கூட்டாளிகளும் புற ஊதாவில் பார்த்தபோது, மரப்பட்டையோடு ஒட்டிப் படர்கிற லைக்கன் மேல் வெள்ளைப் பூச்சி மறைகிறது, இலை இலையாக எழும்பி நிற்கிற லைக்கன் மேல் மறைவதில்லை என்று வந்தது. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இன்னும் வேடிக்கை ஆஸ்திரேலியாவில் ஒரு நண்டுச் சிலந்தி. வெள்ளை டெய்சிப் பூவில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும், ஆகா என்ன உருமறைப்பு என்று நாம் போட்டோ எடுப்போம். 2003இல் அளந்து பார்த்தால், அந்தச் சிலந்தி புற ஊதாவைப் பளீரென்று திருப்பி அனுப்புகிறது, தேனீயின் கண்ணுக்கு அது பூவிலிருந்து தனியாகத் தெரிகிறது. தெரிந்தும் தேனீ விலகவில்லை, அந்தப் பூவுக்குத்தான் அதிகம் வருகிறது. அதாவது ஒளிந்திருக்கவில்லை, விளம்பரப் பலகை வைத்திருக்கிறது. யார் கண்ணுக்கு என்று கேட்காமல் உருமறைப்பு பற்றிப் பேசக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜாலிவாலா:

பச்சோந்தியை ஏன் யாரும் சொல்லவில்லை? அதுதானே இதில் தலைவர். கட்சி மாறுவதற்கே அதைத்தானே சொல்கிறோம்.

கரிமரம்:

அதை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. பச்சோந்தி தன் ஆயுளுக்குள் தானே நிறம் மாறுகிறது, நாம் பேசுவது தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தின் நிறம் மாறுவதை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பூச்சி முயற்சி செய்து மாறியது என்ற பழைய இடத்துக்கே போய்விடுவோம். தவிர, பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் எதிரியை மிரட்ட, ஜோடியைக் கவர, வெயிலுக்கு உடம்பைச் சரிசெய்ய. சிவப்புத் துணியில் விட்டால் சிவப்பாகும் என்பதெல்லாம் கதை. பாவம், அரசியல்வாதிகளோடு சேர்த்துத் திட்டு வாங்குகிறது.

கள்ளிக்காடு:

சந்தேகப்பிராணி கேட்டது நியாயம், ஏற்கெனவே இருந்த கறுப்பு கூடியதுதானே என்று. ஆனால் அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு எலிகளைப் பாருங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் பினக்காட்டே என்ற எரிமலைப் பகுதி. சுற்றிலும் மணல் நிறப் பாறை, நடுவில் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கரும்பாறை. மணல் பாறையில் வாழும் பை எலிகள் மணல் நிறம், கரும்பாறையில் வாழ்பவை கறுப்பு, இனம் ஒன்றே. ஆந்தைதான் பையர். 2003இல் மைக்கேல் நாக்மன், ஹோப்பி ஹோக்ஸ்ட்ரா குழு அங்கே கறுப்புக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தது, எம்.சி.1.ஆர். என்று பெயர், அதில் நாலே இடத்தில் மாற்றம். சரி, நியூ மெக்சிகோவிலும் இதே எலி, அதே மாதிரி கரும்பாறை, அங்கும் கறுப்பு எலி. அதே மாற்றம்தான் இருக்கும் என்று பார்த்தால் இல்லை! அங்கே அந்த மரபணு மாறவே இல்லை, கறுப்பு வேறு வழியில் வந்திருக்கிறது. கடைசி ஷேட் ஒன்று, ரெசிபி இரண்டு. யாராவது திட்டமிட்டுச் செய்திருந்தால் ஒரே ரெசிபியை இரண்டு ஊருக்கும் அனுப்பியிருப்பார்கள்.

இதே ஹோக்ஸ்ட்ரா குழு பிறகு நெப்ராஸ்காவில் வெட்டவெளியில் பெரிய பெரிய வேலிகள் கட்டியது, சில வெளிர் மணலில், சில கருமண்ணில். பாம்புகளை வெளியேற்றிவிட்டு, மேலே திறந்து வைத்து, அந்த இரண்டு வகை மண்ணிலும் பிடித்த வேறோர் இன எலிகளைக் கலந்து விட்டார்கள். சில மாதம் ஆனதும் வெளிர் மணலில் மிஞ்சியவை சராசரியில் வெளிர், கருமண்ணில் மிஞ்சியவை கருமை. கூடவே அகூட்டி என்ற நிற மரபணுவின் எந்த வடிவம் கூடியது, எது குறைந்தது என்பதையும் அளந்தார்கள். 2019இல் வெளிவந்தது. தலைமுறை மாறுவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை, தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே அளந்துவிட்டார்கள்.

கணக்கன்:

எண் பிடித்தவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு புதிய மாற்றம் வெறும் 1 சதவீத சாதகம் தருகிறது என்று வையுங்கள், அதாவது மற்றவை 100 பிள்ளை பெற்றால் இது 101. ஆயிரத்தில் ஒன்றாக இருப்பது பாதிக்குப் பாதி ஆக எத்தனை தலைமுறை? விகிதம் தலைமுறைக்கு 1.01 மடங்கு, 999 மடங்கு ஏற வேண்டும், கால்குலேட்டரில் போட்டால் 700க்குக் கொஞ்சம் குறைவாக வரும். வருடத்துக்கு ஒரு தலைமுறை உள்ள பூச்சிக்கு 700 வருடம், நம் பெரிய கோயில் கட்டியதிலிருந்து இன்றுவரை ஆனதைவிடக் குறைவு. நுணுக்கங்களை விட்டுவிட்டுச் சொல்கிறேன், ஆனால் அளவு இதுதான்.

யாரும் சொல்லாத பக்கம் ஒன்று உண்டு. ஒரே ஒரு பூச்சியில் தோன்றும் அந்த நல்ல மாற்றம் பெரும்பாலும் தொலைந்துபோகும். மழையில் அடித்துப் போகலாம், ஜோடி கிடைக்காமல் போகலாம், நல்ல ஷேடாக இருந்தும் எறும்பு தூக்கிக்கொண்டு போகலாம். 1 சதவீத சாதகம் உள்ள ஒரு மாற்றம் நிலைத்து நிற்கும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான், ஹால்டேன் போட்ட கணக்கு. நூறு தடவை தோன்றினால் தொண்ணூற்றெட்டு தடவை வீண். அண்ணனின் ஏழெட்டு லேப் டிப் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சந்தேகப்பிராணி:

ஒப்புக்கொள்கிறேன், எலி விஷயம் என்னை மடக்கிவிட்டது. ஆனால் அப்படியென்றால் இத்தனை காலத்தில் எல்லாப் பூச்சியும் முழுசாக மறைந்திருக்க வேண்டாமா, குருவியெல்லாம் பட்டினியில் செத்திருக்க வேண்டாமா?

ஆள்காட்டி:

குருவியும் சும்மா இருக்கவில்லை, நன்றாகப் பார்க்கிற குருவிதான் குஞ்சு வளர்க்கிறது. தவிர ஒரு வகைப் பூச்சி அதிகமாக இருந்தால் குருவி அதன் உருவத்தை மனதில் பிடித்துக்கொண்டு அதையே தேடும், அரிதான வேறு வடிவம் அந்த நேரத்தில் தப்பிவிடும். 2002இல் பாண்ட், கமில் இருவரும் அமெரிக்காவில் நீல ஜே பறவைகளைக் கணினித் திரைமுன் உட்கார வைத்தார்கள். திரையில் பொம்மை அந்துகள், கொத்தினால் பறவைக்குத் தீனி, கொத்துப்படாத பொம்மைகளின் வாரிசுகள் அடுத்த சுற்றுக்கு. நூறு தலைமுறை ஓட்டினார்கள். பொம்மைகள் மேலும் மேலும் கண்ணுக்குத் தப்பின, அதோடு ஒன்றுக்கொன்று வேறுபட்டும் போயின. பையருக்கு அலுப்புத் தட்டுமாறு செய்வதும் ஒரு உத்திதான்.

மறைவதற்கு விலையும் உண்டு. அசையாமல் இருக்கும் நேரத்தில் தின்ன முடியாது, ஜோடி தேட முடியாது. நீங்கள் பார்த்த பட்டாம்பூச்சி உள்ளே நீலத்தை வைத்துக்கொண்டு வெளியே சருகைப் போர்த்தியிருப்பது அந்த இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு சமரசமாக எனக்குப் படுகிறது. பக்கி என்று ஓர் இரவுப் பறவை இருக்கிறதே, பகலில் சருகோடு சருகாகக் கிடக்கும், கிட்டத்தட்ட மிதிக்கும் வரை எழும்பாது. ஜாம்பியாவில் அதன் இனங்களை ஆராய்ந்து 2016இல் எழுதினார்கள், அடைகாக்கிற பறவையின் சிறகு சுற்றுத் தரையோடு எவ்வளவு ஒத்துப்போகிறதோ அவ்வளவுக்கு அதன் கூடு தப்புகிறது என்று. நிறம் மட்டும் போதாது, கிட்ட வரும்வரை அசையாமல் கிடக்கிற நெஞ்சழுத்தமும் வேண்டும், அதுவும் தேர்வு செய்யப்பட்டதுதான்.

கரிமரம்:

இதோடு ஒன்று, இப்போது நடந்துகொண்டிருப்பது. வட அமெரிக்காவில் பனிமுயல் என்று உண்டு, கோடையில் பழுப்பு, குளிர்காலத்தில் வெள்ளை. பனியைப் பார்த்து மாறுவதில்லை, பகல் நீளம் குறைவதை வைத்து மாறுகிறது. இப்போது பனி தாமதமாக வருகிறது, சீக்கிரம் உருகுகிறது. முயல் தேதி பார்த்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பழுப்புத் தரையில் நிற்கிறது, தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது, பொருந்தாத வாரங்களில் சாவு கூடுகிறது. பசிபிக் கரையோரம் பனி குறைவான இடங்களில் குளிர்காலத்திலும் பழுப்பாகவே இருக்கும் கூட்டங்கள் உண்டு. 2018இல் அதன் மரபணுவைப் பார்த்தால், அந்தப் பழுப்பு இதன் சொந்தச் சரக்கே இல்லை, எப்போதோ வேறு இன முயலோடு கலந்ததில் வந்தது. பக்கத்துப் பட்டறை ரெசிபி. வெள்ளையாகிற கூட்டங்களில் இந்தப் பழுப்பு போதிய வேகத்தில் பரவுமா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சாயத்தொட்டி:

எல்லோருக்கும் நன்றிங்க. ராத்திரி மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், கோலம் போட்டுக் காட்டினேன், எலி வரைந்து காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "அப்போ நாம பாக்காத பூச்சி எவ்வளவு இருந்திருக்கும் அன்னைக்கு?" என்றாள். இதற்கு யாராவது பதில் வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் மறுபடி டீ குடிக்கத்தான் கூட்டிப்போக வேண்டும்.